சுவருக்குள் செம்மேகம்

அமுதவல்லியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தயாநிதி வேலைக்குப் போவான். அவளுக்குப் பேச்சுத்துணை, படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிய இடத்தில் ஒளிரும் செம்மேகம். அதற்குள் கடுகு கடுகாக நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்தன. பிறந்தவை வளர்ந்து, தங்களை மூடிய மேகத்தைத் தாங்களே ஊதிக் கலைத்துவிடும். அதற்குப் பல லட்சம் வருடங்கள் ஆகும். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் அவள் நடத்திய பாடம் அது.

ஞாயிற்றுக்கிழமை அவன் அதன்மேல் பட்டி பார்த்து வெள்ளையடித்தான்.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேங்க.”

“வீட்டுக்கு வர்றவன் பாத்தா என்னடி நினைப்பான்?”

அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

மறுநாள் பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. கையை எடுக்காமல், தான் பாடத்தில் சொன்ன லட்சம் வருடக் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தெரு.