எட்டு மாதச் செவிடர்

"சுந்தரராமன்" என்று கூப்பிட்டாள் காது பரிசோதிக்கிற டீனா.

அடையாறு காது கிளினிக்கின் வராந்தாவில் யாரும் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டதும் ஒல்லியான ஒரு மனிதர் எழுந்து, பக்கத்தில் வாரப் பத்திரிகையில் மூழ்கியிருந்த மனைவியின் தோளைத் தட்டினார்.

மாமி விருட்டென்று எழுந்தார். "இவருக்குத்தாம்மா காது கேக்கல. எட்டு மாசம் ஆச்சு" என்று வராந்தாவுக்கே அறிவித்தார்.

டீனாவுக்கு அங்கேயே பொறி தட்டியது. எட்டு மாதமாகக் காது கேட்காதவர், இருபதடி தள்ளி நின்று கூப்பிட்ட பெயருக்கு எப்படி எழுந்தார்?

மாமியின் பெயர் அபயாம்பாள், வீடு மயிலாப்பூர். நாற்காலியில் உட்காருவதற்குள் பிராது முழுவதையும் கொட்டிவிட்டார். மாமா இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிட்டயர் ஆன கையோடு செவிடாகிவிட்டாராம். காபி வேண்டுமா என்று கேட்டால் நாலாவது தடவைதான் தலையைத் தூக்குகிறாராம். இவருக்காக டி.வி.யை அலற விட்டதில் எதிர் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றியும் பார்த்தாயிற்றாம்.

"கத்திக் கத்தி என் தொண்டையே போயிடுத்தும்மா" என்றார். போன மாதிரி தெரியவில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை உண்டா என்று டீனா கேட்டாள். மாமி இரண்டு தடவை "என்னது?" என்றுவிட்டு, காரே பூரே என்று ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.யைத் திட்டினார். மாமாவோ சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை, நவக்கிரகத்தைப் பார்ப்பதுபோல பவ்யமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியை வெளியே உட்கார வைத்துவிட்டு, மாமாவைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பினாள். காதில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். மாமா பட்டனை விபூதிப் பொட்டலம் மாதிரி கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஊரைக் கூட்டுகிற சத்தத்துக்குக்கூட அமுக்கவில்லை. ஆனால் கண் இரண்டும் படக்கென்று இமைத்தன.

டீனா இந்த ஜாதியை நிறையப் பார்த்தவள். ஆபீசில் சலுகைக்காகச் செவிடாகிறவர்கள் ஒரு ரகம். பெண்டாட்டி பேச்சிலிருந்து தப்பிக்கச் செவிடாகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நல்லவேளை, அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம்தான் கிளினிக்குக்குப் புது மெஷின் ஒன்று வந்திருந்தது. உள்காதில், நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட குழாய்க்குள், வரிசை வரிசையாக முடி செல்கள் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் அதற்கு இருக்கிற சுத்தத் தமிழ்ப் பெயரைச் சென்னையில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அடி விழும் என்பதால் டீனா முடி செல் என்றே சொல்வாள். சத்தம் வந்தால் அவை ஆடும். ஆடினால்தான் காது கேட்கும். தலைமுடி கொட்டினால் டோப்பா வைக்கலாம். இவை போனால் போனதுதான், திரும்ப முளைக்காது.

உயிரோடு இருக்கிற முடி செல்கள், கேட்ட சத்தத்துக்கு மெல்லிசாக ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அதை இந்த மெஷின் பிடித்துவிடும். ஆள் வாயைத் திறக்கவும் வேண்டாம், பட்டனை அமுக்கவும் வேண்டாம்.

மாமாவின் காதில் சின்னக் குமிழைச் செருகி மெஷினைப் போட்டாள். முடி செல்கள் திரையில் கும்மாளம் போட்டன. அந்த வயசுக்கு அப்படியொரு காதை அவள் பார்த்ததில்லை.

திரையை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க காது பதில் சொல்லிடுச்சு சார். வெளியில ஒரு அம்மா எட்டு மாசமாக் கத்திக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

மாமா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெஷின் நன்னா இருக்கு" என்றார் சாவகாசமாக. "ஒருத்தர் இல்லவே இல்லைன்னு சாதிச்சாலும் இது காட்டிக் குடுத்துடுமோ?"

டீனாவுக்கு ரத்தம் கொதித்தது. மாட்டிக்கொண்ட பிறகும் மெஷினில் ஓட்டை தேடுகிற மனுஷனை என்ன சொல்வது?

"குடுத்துடும். இப்பவே மாமியைக் கூப்பிட்டுக் காட்டப்போறேன்" என்று கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"கூப்பிடுங்கோம்மா. 'இவர் காதோட ஒத்துப் பாக்கணும்'னு ஏதாவது சொல்லி, முதல்ல அவளை இந்த நாற்காலியில உக்கார வைங்கோ."

டீனாவின் கை நின்றது.

"பொங்கலுக்கு மறுநாள் லஸ் கார்னர்ல பஸ்காரன் ஹார்ன் அடிச்சுண்டே வரான். இவ பாட்டுக்குக் குறுக்கே போறா. தலைப்பைப் பிடிச்சு இழுக்கலேன்னா அன்னிக்கே போயிருப்பா. 'ஹார்ன் அடிக்காம வரான் பார் கடங்காரன்'னு அவனைத் திட்டறா. உனக்குக் காது கேக்கலைடீன்னு சொன்னா, நான் முணுமுணுன்னு பேசறேனாம்."

அவர் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தன் காதுக்குன்னா அவ இந்த வாசப்படியை மிதிக்க மாட்டா. என் காதுன்னதும், நான் மாட்டேன் மாட்டேன்னு சொல்லச் சொல்ல இழுத்துண்டு வந்துட்டாம்மா."