அடுத்தவர் வரலாம்

பிரசவ வார்டில் தெய்வானைக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. சொந்தத்தில் ஒருவர் ரத்தம் கொடுத்தால்தான் ரத்த வங்கி பதிலுக்கு ரத்தம் தரும். சாயப்பட்டறையிலிருந்து சொந்தக்காரர்கள் வெல்லத்தை மென்றபடி ஓடிவந்தார்கள். வெல்லம் தின்றால் ரத்தத்தில் ஏறிய சாயம் இறங்கிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. ரத்தத்தில் சாயம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியில் விரல் வைத்த ஒவ்வொருவருக்கும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"கொடுக்க முன்வந்ததற்கு நன்றி. அடுத்தவர் வரலாம்" என்றது கருவி.

"பட்டறைக்கே போகாத ஆளு யாராச்சும் இருக்காங்களா?" நர்ஸ் கேட்டாள்.

எல்லோரும் தெய்வானையின் தம்பி மயில்சாமியைப் பார்த்தார்கள். வேலைக்குப் போகாமல் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன்.

"தண்டச்சோறுன்னு திட்டுனனே மாப்ள, இன்னிக்கு நீதான் எங்க சாமி" என்று அவனை முன்னால் தள்ளினான் தெய்வானையின் புருஷன் சின்ராசு.

மயில்சாமி நகரவில்லை. சின்ராசு அவன் விரலைப் பிடித்துக் கருவியில் வைத்தான். சிவப்பு.

"நீங்க திட்டுனீங்கன்னுதான் மச்சான், போன மாசம் பட்டறையில நைட் ஷிப்ட்ல சேந்தேன். சம்பளம் வாங்குனதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"கொடுக்க முன்வந்ததற்கு நன்றி. அடுத்தவர் வரலாம்."

வரிசையில் யாரும் இல்லை.