நகத்தளவு விரிசல்

"ஜெபசீலன்ங்கிறது நீருதானா வே?"

காரிலிருந்து இறங்கும்போதே கேட்டார் சேக் முகம்மது. காயல்பட்டினத்திலிருந்து பாளையங்கோட்டை வரை திட்டிக்கொண்டே வந்தும் அவருக்குக் கோபம் தீரவில்லை. கார் ஓட்டி வந்த தங்கை மகன் ரசீதுக்குத்தான் காது வலித்தது.

"ஆமா அண்ணாச்சி. உள்ள வாங்க" என்றான் வாசலில் நின்ற ஜெபசீலன். துபாயில் விமானங்களைச் சோதித்து, 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடும் இன்ஜினீயர். அவன் பேரையும் ஊரையும், அவனும் ஊருக்குக் கிளம்புவதையும் சேக் முகம்மது அங்கேயே விசாரித்து வைத்திருந்தார். நேற்று ஊர் வந்து சேர்ந்தவர், இன்று காலையிலேயே கிளம்பிவிட்டார்.

"நான் உக்கார வரல. சனிக்கிழமை திருவனந்தபுரம் விமானத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னது நீருதான?"

"ஆமா அண்ணாச்சி."

"ஞாயித்துக்கிழமை எம் மவ ஹம்னாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கையப் பிடிச்சு நடத்தி வைக்க வேண்டிய வாப்பா நான், அங்கன ஏர்போர்ட்டுத் தரையில கெடந்தேன். வேற விமானத்துலயும் சீட்டு இல்ல. என் தம்பி நின்னு நடத்தி வச்சான். எல்லாத்தையும் போன்லதான் வே பாத்தேன்!"

குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தம் போட்டார். "அப்படி என்னத்தக் கண்டீரு அந்த விமானத்துல?"

"றெக்கை வந்து சேருற இடத்துல ஒரு விரிசல்."

"எவ்வளவு?"

ஜெபசீலன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினான்.

"இத்தனூண்டா! எங்க வீட்டு மச்சுல முழ நீளத்துக்கு விரிசல் இருக்கு. அதுக்குக் கீழதான் மொத்தக் கலியாணமும் நடந்திருக்கு!"

ரசீதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீடு பறக்காதுல்லா மாமா."

"நீ சும்மா இருலே."

"இருபத்தோரு வருசம் ஓடுன விமானம் அண்ணாச்சி" என்றான் ஜெபசீலன். "பொறவு அதே வயசுல இருந்த மத்ததையும் சோதிச்சோம். இன்னும் மூணுல விரிசல் இருந்துச்சு. அதான் செவ்வாக்கிழமை வரைக்கும் ஒண்ணும் கிளம்பல."

சேக் முகம்மது அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. ஓரத்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"ஓகோ! உம்ம வீட்டு விசேஷத்துக்கு மட்டும் டாண்ணு வந்து சேந்துட்டீரோ? ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உம்ம சொந்தக் காரியம் அந்த விமானத்துல மாட்டிக்கிட்டிருந்தா, கையெழுத்துப் போட்டிருப்பீரா, மாட்டீரா?"

ஜெபசீலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாத்தியாலே ரசீத், பேச்சு வரல!" அலைந்து வந்ததற்குப் பலன் கிடைத்துவிட்ட திருப்தி அவருக்கு.

அதற்குள் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள் ஜெபசீலனின் தங்கை டார்லின். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அதே விமானத்துலதான் அண்ணனுக்கும் சீட்டு, அண்ணாச்சி" என்றாள். "எப்ப வருவேன்னு தெரியாது, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமை நீங்க நிக்காஹ் பாத்த மாதிரிதான், எங்க அப்பாவை அடக்கம் பண்ணுனதை இவனும் போன்ல பாத்தான்."