சீனி சுற்றிய தாள்

“இந்த வாரம் யாரு கடையில சீனி வாங்கலாம் புள்ள?”

நாகலெட்சுமி அக்கா என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி அது. அவள் கேட்டது சீனியைப் பற்றி அல்ல.

தலவாக்கலைக் கடைகளில் பழைய நாவல்களை ராத்தல் கணக்கில் நிறுத்து வாங்கி, கிழித்து, சாமான் சுற்றிக் கொடுப்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், நாவல் படிப்பது என்றால் அந்தத் தாள்களைப் படிப்பதுதான்.

எந்தக் கடையில் எந்தக் கதை ஓடுகிறது என்று நான் சொல்வேன். துப்பறியும் கதை வேண்டுமென்றால் லாபிர் கடை மிளகாய்த்தூள். ராஜா ராணி என்றால் பாவா கடைப் பருப்பு. யானைப் படையை எண்ணியே முப்பது பக்கம் போகும், அது கிடைக்காவிட்டால் கவலைப்படாதீங்க என்பேன். அழ வேண்டுமென்றால் சரிபுதீன் நானா கடைச் சீனி.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று கொழுந்துக் கூடை எடுத்தவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கதை என்றால் மட்டும் வாய் திறக்கும்.

எந்த நாவலின் கடைசித் தாளும் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. கிடைக்காத முடிவுகளை நானே கொப்பியில் எழுதினேன். அரிசிப் பெட்டிக்குப் பின்னால் நான்கு கொப்பிகள் ஒளிந்திருந்தன. யாருக்கும் தெரியாது.

நான்காவது கொப்பி வேறு.

மஸ்கெலியாவில் மேசன் வேலை செய்யும் சின்னராசாவைப் பற்றி நாகலெட்சுமி அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவன் வேறு சாதி. தன் அண்ணன் அழகுமுத்துவுக்குத் தெரிந்தால் உயிரோடு விடமாட்டான் என்றாள். என்றைக்குப் போவது, எப்படிப் போவது, எல்லாம் சொன்னாள்.

எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயர்களை மட்டும் மாற்றினேன். அவள் இடது கையில் இருந்த தீக்காயத்தைக்கூட விடவில்லை.

என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எழுதி முடிந்த கொப்பி என்றால் அவளுக்கு அது கடைக்குப் போகவேண்டிய கொப்பி. ஒரு சனிக்கிழமை, தம்பியின் பள்ளிக்கூடக் கொப்பிகளோடு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கண்டெடுத்த என்னுடையதையும் கட்டிக் கொண்டுபோய் சரிபுதீன் நானா கடையில் கொடுத்து, கருவாடு வாங்கி வந்தாள். வாங்கியது நல்ல கருவாடு என்று சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் மத்தியானம் நாகலெட்சுமி அக்கா எங்கள் வீட்டு வாசல் இஸ்தோப்புக்கு ஓடி வந்தாள்.

“இன்னைக்கு நான் சொல்றேன், நீ கேளு. சரிபுதீன் நானா கடைச் சீனி. அச்சடிச்சது இல்ல புள்ள, யாரோ கையால எழுதுன கதை. நம்ம தோட்டம் மாதிரியே ஒரு தோட்டம். நம்மள மாதிரியே ஒரு புள்ள.”

அவள் கையில் இருந்தது என் எழுத்து.

நல்லவேளை, அது பனியில் கொழுந்து பறிக்கிற பக்கம். ஒன்றுமில்லாத பக்கம். அதைத்தான் அவள் அவ்வளவு ஆசையாக வாசித்தாள். கீழ் லயம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டாளாம். எட்டு வீட்டில் அந்தச் சீனியை வாங்கிவிட்டார்களாம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அவளுடைய அம்மா ராக்காயி, ஒட்டியிருந்த சீனியைத் தட்டிக்கொண்டே இன்னொரு தாளோடு வந்தாள். மகள் சொன்ன கதையாயிற்றே என்று அவளும் வாங்கியிருந்தாள். படி கேட்போம் என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். நானுஓயாவில் இருக்கும் தன் தம்பி மகனுக்கு அக்காவைக் கட்டி வைக்க அவள் ஒரு வருசமாக அலைந்துகொண்டிருந்தாள்.

மூலையில் மை கொட்டிய பக்கம் அது. எனக்கு மனப்பாடம்.

“சம்பளம் போட்ட மறுநாள்...” என்று அக்கா உரக்கத் தொடங்கினாள்.

காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் ரயிலடிக்குப் போவாள். அட்டனில் அந்த மேசன் நிற்பான். அங்கிருந்து மஸ்கெலியா பஸ். நான் எழுதியது அதுதான்.

அக்காவின் சத்தம் நின்றது. கண் மட்டும் வரி வரியாகக் கீழே இறங்கியது.

எழுத்து சரியில்லையா என்று ராக்காயி கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். “சம்பளம் போட்ட மறுநாள், தாய்மாமன் வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள்.”

தடுமாறாமல் வாசித்தாள். மாப்பிள்ளையின் வேட்டி நிறத்தைக்கூட வாசித்தாள். பக்கத்தைத் திருப்பி, பின்புறத்தையும் வாசித்தாள். அதில் ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை.

“அப்புறம்? சரின்னாளா?”

“சரின்னுட்டாம்மா.”

ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றாள். மற்றத் தாள்களையும் சேர்த்துப் படித்தால் நன்றாக இருக்கும் என்று அழகுமுத்துவை அனுப்பியிருக்கிறாளாம். கீழ் லயத்து மீனம்மா வீட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, அவன் படிக்க ஆரம்பித்துவிட்டானாம்.

நாகலெட்சுமி அக்கா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஏன் எழுதினாய் என்று கேட்டிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ரயிலடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டாள்.