ஜோசியரைக் கேட்காமல் கையெழுத்தா?

"ஜோசியரைக் கேட்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல, சிஸ்டர்" என்றான் ஜம்புநாதன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். இன்ஜினையே பிரித்து மாட்டுகிறவன், கட்டின பெண்டாட்டி உயிருக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறான்!

உள்ளே கட்டிலில் அவன் மனைவி அலமு. இருபத்துமூன்று வயது. நாலு வருஷத்தில் மூன்று பிரசவம். இந்தத் தடவை இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தோம். உடம்பு தேறுவதற்குள் இன்னொன்று உண்டானால் தாங்கமாட்டாள் என்று பெரிய டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு எதிரே புதிதாக ஓர் அறை திறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை பெற்றவள் விருப்பப்பட்டால், வீட்டுக்குப் போகும் முன்பே காப்பர்-டி போட்டு அனுப்புகிற அறை. அதற்குப் பொறுப்பு நான். பெண் சம்மதித்தால் மட்டும் போதாது, புருஷன் கையெழுத்தும் வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அங்கேதான் வம்பே.

அலமு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குப் போட்டு விட்டுடுங்க சிஸ்டர். மூணு புள்ளைங்களையும் நான் இருந்து வளர்க்கணும். நான் சொன்னா அவரு கேக்கமாட்டாரு. நீங்க பேசுங்க."

நானும் தொண்டை வறளப் பேசிப் பார்த்துவிட்டேன்.

"இத பாருப்பா, வேணும்னா அப்புறம் எடுத்துக்கலாம். உடம்பு தேறற வரைக்கும்தான். அவ உசுரு விஷயம் இது."

"ஹவ், ஆமா சிஸ்டர், புரியுது. ஆனா ஜோசியர் வேணாம்னா எனக்கும் நக்கோதான், வேணாம்தான்."

"நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ்யா!"

"சாயங்காலமே போயிடறேன். எப்படியும் கொழந்தைக்கு ஜாதகம் எழுதணும்ல?"

"யாரு அந்த மகானுபாவர்?"

"சில்கல்கூடா வெங்கடராமன். நம்ம தமிழ் ஆளுங்க எல்லாருக்கும் அவர்தான்."

டியூட்டி முடிந்ததும் ரிக்‌ஷா பிடித்து நேரே சில்கல்கூடா போனேன். அந்த ஜோசியரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஜம்புநாதன் எனக்கு முன்னாலேயே போய் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தான். நான் வாசலோரம் நின்றேன்.

ஜோசியர் பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். விரல் விட்டுக் கணக்குப் போட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"குழந்தை ஜாதகம் பேஷா இருக்கு. ஒரே ஒரு தோஷம். மூணு வருஷத்துக்குள்ள இதுக்குக் கீழே இன்னொரு குழந்தை பொறந்துதோ..."

"பொறந்தா?"

"தகப்பனுக்கு ஆகாது."

அவ்வளவுதான். ஜம்புநாதன் துள்ளி எழுந்தான். வாசலில் என்னைப் பார்த்ததும், "சிஸ்டர்! எங்க கையெழுத்துப் போடணும்? இப்பவே ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்!" என்று சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டான்.

அடப்பாவி! பெண்டாட்டிக்கு ஆபத்து என்றபோது அசைந்தானா?

காரியம் நடந்ததே என்று நான் பேசாமல் திரும்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் சாமி, இப்படிப் பயமுறுத்தியே வெச்சிருந்தா இவங்கள்லாம் எப்பத்தான் திருந்தறது? நாங்க படிச்சுப் படிச்சுச் சொன்னது காதுல ஏறல. நெசமாவே அப்படி ஒரு தோஷம் இருக்கா?"

"இல்லை" என்றார்.

"என்னது?"

"தோஷமும் இல்லை, ஒண்ணும் இல்லை. உங்க ஆஸ்பத்திரியில பொறந்த குழந்தைன்னு யார் வந்தாலும் இதைத்தான் சொல்லி அனுப்பறேன். இவனோட பதினோரு பேர்."

எனக்குச் சுரீரென்றது. 'ராத்திரி நல்லா யோசிச்சுட்டு வாங்க' என்று நான் அனுப்பியவர்கள், மறுநாள் காலையில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்களே! எல்லாம் என் பேச்சுச் சாமர்த்தியம் என்று நான் பீற்றிக்கொண்டேனே!

"உக்காருங்கோம்மா. ஒருநாள் நானே வந்து உங்களைக் கும்பிடணும்னு நெனைச்சிண்டிருந்தேன்" என்று கைகூப்பினார். என் அப்பா வயது அவருக்கு. நான் பதறிப்போனேன்.

"ஐயோ, நான்தான் சாமி உங்களைக் கும்பிடணும். அந்தப் பொண்ணு அலமு பொழைச்சா உங்களாலதான்."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "எங்காத்துக்காரி நாலாவது பிரசவத்துல போயிட்டா. இருபத்தாறு வயசு. உங்க ரூம் மாதிரி ஒண்ணு அன்னிக்கு இருந்திருந்தா அவ இருந்திருப்பா. நீங்க நன்னாயிருக்கணும்."

அசட்டுத்தனமாக ஒன்று கேட்டுவைத்தேன்.

"அவங்க ஜாதகத்துல இது தெரியலையா, சாமி?"

அவர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

"தொண்ணூறு வயசு வரைக்கும் இருப்பான்னு நான்தாம்மா கணிச்சேன்."