நடுவரிசை வீடு

சரக்கு யார்டின் இட அமைப்பைக் கணினியில் மாற்றுவதற்கு முன்னால், யார்டு மேற்பார்வையாளர் சூசைமணி மாடி அலுவலகத்திலிருந்து கீழே இறங்கிச் சென்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவார். துறைமுகத் தொழிலாளர்கள் அங்கே கண்டெய்னர்களில்தான் குடியிருந்தார்கள். அடிக்கடி திறக்கும் கண்டெய்னர் ஓரத்தில் இருக்க வேண்டும், அரிதாகத் திறப்பது நடுவே போக வேண்டும் என்பது மென்பொருளின் நியதி. சரக்கென்றும் வீடென்றும் அது பேதம் பார்ப்பதில்லை. ஆகவே, உள்ளிருந்து குரல் வந்தால் அந்த வீட்டைச் சூசைமணி ஓரத்திலேயே நிறுத்திவைப்பார்.

அன்று பெய்த மழைக்குச் சோம்பி, ஒரு கதவையும் தட்டாமல் அவர் புதிய அமைப்பை ஏற்றிவிட்டார். கிரேன்கள் வீடுகளைத் தூக்கி அடுக்கின.

வேலை முடிந்து திரும்பிய லூர்தம்மாள் நனைந்தபடியே அலுவலகத்துக்குள் ஓடி வந்தாள்.

"கால் ஒடிஞ்ச எம்புருசன் வெளிய வரலன்னா, அவரு என்ன விலைபோகாத சரக்கா அண்ணாச்சி? எங்க வீட்ட நடுவுல கொண்டு சொருகியிருக்கு. கதவத் தொறக்க வழியில்ல. உள்ளருந்து தட்டிக்கிட்டே இருக்காரு!"

சூசைமணி பதறிப்போய் அந்த வீட்டை வெளியே எடுக்கப் பணித்தார். நடு இடம் காலியாக இருக்கலாகாது, பதிலுக்கு வேறொரு வீடு வேண்டும் என்றது திரை. அவர் குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார். திரும்பி வந்து ஓர் எண்ணைப் பதித்தார். கிரேன் அசைந்தது.

"யாரு வீட்ட உள்ள தள்ளுனீரு?" என்றாள் லூர்தம்மாள்.

"எங்க வீடுதான். இந்தத் தடவ கதவத் தட்டிட்டேம்மா. அடுப்பையும் பாயையும் தூக்கிக்கிட்டு வீட்டுக்காரி மழையில நிக்கா."