பி பக்கத்துக் கடைசிப் பாட்டு

வாக்கு சரிக்குச் சரியாக நின்றுவிட்டது.

பதுளை டவுனில் இத்ரூஸின் கேசட் கடைக்குள் கதிரை போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மடுல்சீமை, தெமோதரை, ஹல்துமுல்லை என்று மூலைக்கொருவராக வந்திருந்த பழைய கேசட் ரசிகர்கள். வருடத்தில் ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறைக்குக் கூடி, மலைநாட்டில் வந்த கேசட்டுகளிலேயே சிறந்தது எது என்று கையை உயர்த்தி முடிவு செய்வார்கள். அதற்குள் இரண்டு பேராவது பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வார்கள்.

இந்த முறை ‘கீழ்ப்பிரிவு’க்குப் பாதிக் கை. ‘மழை விட்ட பிறகு’க்குப் பாதிக் கை. முன்னது தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் தப்பு மேளமும் கிட்டாரும் சேர்த்துப் போட்ட கேசட். பின்னது பண்டாரவளைக் குழு ஒன்றுடையது.

தெமோதரைக் கஜேந்திரன் பண்டாரவளைக் கட்சி. அவன் விடுவதாக இல்லை. கையோடு கொண்டுவந்த ஸ்பீக்கரை மேசையில் வைத்தான்.

“இத்ரூஸ் நானா, எங்கட கேசட்டு பி பக்கத்துக் கடைசிப் பாட்ட ஒருக்காப் போட்டுருவோம். அதக் கேட்டும் கை தூக்காதவன் மனுசனே இல்ல.”

இத்ரூஸ் கடையின் பின்பக்கத் திரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பாட்டு அசல் ‘மழை விட்ட பிறகு’ கேசட்டிலேயே கிடையாது. அது இத்ரூஸுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் அசல் கேசட் மலைக்கு வருவது அபூர்வம். இத்ரூஸ்தான் வெற்று நாடாவில் பதிந்து கொடுப்பார். பி பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் நாடா மிஞ்சும். வெறுமையாக விட்டால் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள் என்று, கைக்கு எட்டிய எதையாவது போட்டு நிரப்பிவிடுவது தொழில் வழக்கம்.

ஒரு தீபாவளி நெருக்கத்தில் ‘மழை விட்ட பிறகு’ பதியும்போது, புல்லாங்குழல் இசை என்று நினைத்து வேறொரு நாடாவைச் சொருகிவிட்டார். அதில் இருந்தது அவர் மனைவி ஸித்தி ஸுபைதாவின் குரல்.

அவர்கள் வீட்டில் பாட்டைப் பாடுவது என்று சொல்வதில்லை, படிப்பது என்பார்கள். கல்யாணமான புதிதில், கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில், கெஞ்சிக் கூத்தாடி அவளை ஒரு பாட்டை இரண்டு தரம் படிக்கவைத்துப் பதிந்திருந்தார். அவளே சொல் கட்டிய பாட்டு. வாத்தியம் கிடையாது, தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். இது வாசலைத் தாண்டக் கூடாது என்று அவள் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த நாடா தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு லயம் லயமாகப் போய்விட்டது. பிழை தெரிந்து அவர் தலையில் அடித்துக்கொண்டபோது பஸ்கள் மலை ஏறிவிட்டிருந்தன. பிறகு வந்தவர்களெல்லாம் கடைசிப் பாட்டு உள்ளதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். இத்ரூஸும் வியாபாரிதானே. பதிந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் அந்தப் பாட்டு போனால் அவருக்குப் பலத்த இருமல் வரும். சாப்பாட்டுக் கடையில் போட்டால் ஸுபைதாவைப் பாதிச் சோற்றில் எழுப்பிவிடுவார். யார் அந்தப் பெண் என்று ரசிகர்கள் கேட்டால், பண்டாரவளைப் பிள்ளையாக இருக்கும் என்று கையை விரிப்பார்.

கூட்டம் நடக்கும் நாளில் ஸுபைதா மகள் ஜுமானாவின் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். இன்று ஜுமானா ஊரில் இல்லை. ஸுபைதா திரைக்குப் பின்னால் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டெல்லாம் வேண்டாம், நேரமாகிறது, சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிப்போம் என்று இத்ரூஸ் சொல்லிப் பார்த்தார். யார் காதில் விழுந்தது? கஜேந்திரன் தன் அப்பாவின் கேசட்டிலிருந்து போனுக்கு மாற்றி வைத்திருந்ததைத் தட்டிவிட்டான்.

முதலில் மழை. பிறகு அவள்.

ஹல்துமுல்லையிலிருந்து வந்திருந்த துஷாந்தினி டீச்சர் ‘கீழ்ப்பிரிவு’க்குக் கை தூக்கியவள்தான், அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் இத்ரூஸின் நெஞ்சைப் பிசைந்தது. ஒன்றை ஆசையாகக் கேட்டுக்கொண்டே அதற்குப் பயப்படவும் வேண்டியிருப்பது பெரிய அவஸ்தை.

திரைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது.

பாட்டு, நாடா முடிந்த இடத்தில், பாதி வரியில் அறுந்தது.

ஸுபைதா கட்லட் தட்டோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கஜேந்திரன் சமயம் பார்த்து, வீட்டுக்காரம்மாவே தீர்ப்புச் சொல்லட்டும் என்றான். எதிர்க்கட்சியும் சரி என்றது. இரண்டு கேசட்டையும் காட்டி, எது நல்லது என்று அவளிடம் கேட்டார்கள்.

இத்ரூஸ் நிலத்தைப் பார்த்தார். அழப்போகிறாள். இல்லாவிட்டால் எல்லார் முன்னாலும் அந்தச் சத்தியத்தைக் கேட்கப்போகிறாள். அல்லது இனிச் சாகும்வரை தன்னோடு பேசாமலே இருந்துவிடுவாள். அவருக்கு அதுதான் ஆகப் பயமாக இருந்தது.

ஸுபைதா ‘கீழ்ப்பிரிவு’ என்றாள்.

கடை இரண்டுபட்டது. கஜேந்திரன் தலையில் கையை வைத்தான். ஜெயித்தவர்கள் மேசையில் தாளம் போட்டார்கள். அந்த அமளிக்குள் அவள் இத்ரூஸின் தட்டில் கட்லட் வைக்கக் குனிந்தாள்.

“எத்தின வருஷமா எனக்கு வயித்தெரிச்சல்,” என்று அவர் காதோடு சொன்னாள். “போட்டதுதான் போட்டீங்க, நான் ரெண்டாவது தரம் நல்லாப் படிச்சதப் போட்டிருக்க ஏலாதா?”